தாத்தா என்ன வேலை பார்த்தார்?

சிங்கப்பூரில் சனிக்கிழமை காலையில் துணைப்பாட வகுப்பு எடுக்கும் தொண்டூழியர்களில் நானும் ஒருவன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஓர் அறை, பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாரும் தொடக்கநிலை ஐந்து, ஆறு. சொல்லித் தருவது தமிழ். ஆனால் தமிழ் வகுப்பில் தேசிய உறுதிமொழி வரும், குறள் வரும், நம் முன்னோர் இந்த ஊரைக் கட்டிய கதையும் வரும். குடியியல் பாடத்தில் ஒரு பங்கு எங்கள் கையில்தான் இருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ஆளுக்கொரு தாள் கொடுத்து, "உங்க தாத்தா என்ன வேலை பார்த்தார்? எழுதி, படமும் வரைங்க" என்றேன். எந்த வேலையும் தாழ்ந்ததில்லை என்று சொல்லி முடிக்கலாம் என்பது என் எண்ணம். துறைமுகம், பள்ளிக்கூடம், மளிகைக்கடை, போலீஸ் என்று தாள்கள் நிறைந்தன. ஒரு சிறுமி மட்டும் இடக்கையால் மறைத்துக்கொண்டே எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'கப்பல் கேப்டன்' என்று எழுதிப் பெரிய கப்பல் ஒன்றும் வரைந்திருந்தாள். அவள் தாத்தாவை எனக்குத் தெரியும். அதே பேட்டையில் பல ஆண்டுகள் துப்புரவு வேலை பார்த்தவர். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "தாத்தா துப்புரவு வேலைதானேம்மா பார்த்தார்? எவ்வளவு நல்ல வேலை அது!" என்றேன்.

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அடுத்த இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். தொடக்கநிலை நான்கில் இதே கேள்விக்கு 'வியாபாரம்' என்று எழுதியவன் நான். என் தாத்தா முடிதிருத்துபவர். அப்பாவும் அதே வேலைதான். அந்த வயதில் எனக்கு அந்த வேலையில் வெட்கம் இருந்ததாக நினைவில்லை. அப்பாவின் கத்தி கல்லில் ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியவன். எனக்குப் பயமாக இருந்தது அடுத்த கேள்வி. "அப்ப நீங்க என்ன ஆளுங்க?" வேலையைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடுவார்கள். எட்டு, ஒன்பது வயதுக்குள் எங்கள் மாதிரிப் பிள்ளைகளுக்கு இது தெரிந்துவிடுகிறது. யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை, ஆனால் தெரிந்துவிடுகிறது.

தாத்தா 1948-ல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தார். ஊரில் அவருக்குக் கடை கிடையாது. அடப்பத்தை, அதாவது கத்தியும் கத்தரியும் வைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கொல்லைப்பக்கம் போக வேண்டும். வெட்டு, சவரம், கல்யாண வீட்டு வேலை, சாவு வீட்டு வேலை எல்லாம் அவர் பொறுப்பு. பிரசவம் பார்ப்பது பாட்டியின் பொறுப்பு. காசு கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்தில் போய் நின்றால் நெல் அளப்பார்கள். அளப்பவர் மனம் எப்படியோ அளவும் அப்படி. "போதாது" என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. "இந்த வீட்டுக்கு வர மாட்டேன்" என்று சொல்லும் உரிமையும் இல்லை.

இங்கே வந்து தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஓர் அஞ்சடியில், கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையில், நாற்காலி போட்டார். பிறகு ஒரு சிறிய கடை. கடையில் அவர் முதலில் மாட்டியது சாமி படம் அல்ல, விலைப்பலகை என்று அப்பா சொல்வார். முடிவெட்ட இவ்வளவு, சவரத்துக்கு இவ்வளவு. தமிழர் வந்தாலும் சீனர் வந்தாலும் மலாய்க்காரர் வந்தாலும் அதே விலை. பெஞ்சில் தமிழ் முரசு கிடக்கும். படிக்கத் தெரிந்தவர் சத்தமாகப் படிப்பார், முகத்தில் நுரையோடு இருப்பவரும் கேட்பார். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோன பிறகு இங்கே எழுந்த சீர்திருத்தப் பேச்சு, 1932-ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் ஆனது. 1935-ல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத என் தாத்தாவுக்கு அதெல்லாம் அந்த பெஞ்சு வழியாகத்தான் காதில் விழுந்தது. ஆனாலும், அவர் இருந்த காலம்வரை, ஊர்க்காரர் வீட்டு விசேஷங்களில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவாராம். யாரும் அவரை அப்படி உட்காரச் சொன்னதில்லை. அவராகவே போய் உட்காருவார்.

நாடு மாறியது, கூலி முறை மாறியது, விலை சொல்லும் உரிமை வந்தது. பந்தியில் உட்காரும் இடம் மாற மட்டும் இன்னொரு தலைமுறை ஆனது.

அந்தச் சிறுமி வராத இரண்டு வாரத்தில் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. நான் போகும் வாசிப்பு வட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். நாங்கள் எட்டுப் பேர், மாதம் ஒரு முறை கூடுவோம். அடுத்த மூன்று மாதத்துக்கு இதையே எடுத்துப் படிப்போம் என்று முடிவானது: தொழிலைப் பிறப்போடு கட்டுவது பற்றி இந்தியாவில் யார் என்ன சொன்னார்கள்?

அதில் அன்றைய சென்னை முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த 1953-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் வந்தபோதுதான் விஷயம் என் வீட்டுக்குள்ளேயே வந்தது. சென்னை மாநிலத்தின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மற்ற நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத காலம். வகுப்பை முறைவைத்து இரண்டாகப் பிரித்தால் அதே கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'குலக்கல்வித் திட்டம்'. பெரியார் எதிர்த்தார், திமுக எதிர்த்தது, ராஜாஜியின் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு இருந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

அப்பாவிடம் இதைக் கேட்டேன். அவர் பத்து வயதில்தான் சிங்கப்பூர் வந்தார். 1953-ல் ஊரில் ஒன்றாம் வகுப்பு. "எனக்கு ரொம்ப நினைவில்லை. அண்ணன் மூணாவது. மத்தியானம் எங்க தாத்தாவோட அடப்பத்தைத் தூக்கிட்டுப் போவார். அதே நேரத்துல மணியக்காரர் வீட்டுப் பையன் திண்ணையில உட்கார்ந்து புத்தகம் படிப்பான். அவங்க வீட்டுத் தொழில் அதுதானே" என்றார். குரலில் கோபமே இல்லை. பெரியப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். அதற்கு அந்த ஓராண்டுத் திட்டம்தான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. வீட்டு நிலைமையே அப்படி. ஆனால் திண்ணையில் இருந்த பையன்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினான். 'அவரவர் வீட்டுத் தொழில்' என்ற ஒரே விதி, ஒரு வீட்டில் புத்தகமாகவும் இன்னொரு வீட்டில் அடப்பமாகவும் ஆகிறது.

வட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியர், காந்தியை மனதார மதிப்பவர். அவர் கேட்டது: "தம்பி, கைத்தொழிலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தது தப்பா? காந்தி சொன்னதும் அதுதானே?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடும்போதுதான் எனக்கே தெளிவு வந்தது. 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்து, ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டமாக வகுத்துக் கொடுத்த ஆதாரக் கல்வியில், எல்லாப் பிள்ளையும் ஒரு கைத்தொழில் கற்க வேண்டும். நூற்கலாம், நெய்யலாம், மரவேலை செய்யலாம். அதில் வக்கீல் பிள்ளையும் ராட்டை சுற்றும். உன் அப்பன் செய்ததை நீ செய் என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் 'உழைப்பின் மேன்மை' என்ற ஒரே போர்வையில் சுற்றிவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். நான் வகுப்பில் செய்ததும் அதே குழப்பம்தான்.

ஆனால் காந்தியிடமும் இந்த இரண்டு குரலும் உண்டு. 1936-ல் அம்பேத்கர் லாகூரில் பேசவிருந்த உரையை, அழைத்தவர்களே ரத்து செய்தார்கள். அவர் அதை 'சாதி ஒழிப்பு' என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார். அதற்கு காந்தி தம் ஹரிஜன் இதழில் பதில் எழுதினார். முன்னோர் தொழிலைச் செய்து பிழைப்பதே வருண தர்மம், ஆன்மிக ஆசிரியர் தொழிலும் துப்புரவுத் தொழிலும் கடவுள் முன் சமம் என்பது அதன் சாரம். அம்பேத்கர் திருப்பிக் கேட்டது நேரான கேள்வி: மகாத்மா தம் முன்னோர் தொழிலைச் செய்தாரா? வணிகக் குலத்தில் பிறந்து வக்கீல் ஆனார். இளைய மகன் பத்திரிகைத் தொழிலுக்குப் போனார், பிராமணப் பெண்ணை மணந்தார். மகாத்மா அதைக் கண்டித்ததாகத் தெரியவில்லையே? (அந்த மணப்பெண் ராஜாஜியின் மகள். இதைப் படித்தபோது வட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.) காந்தி அங்கேயே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், கடைசி ஆண்டுகளில், மணமக்களில் ஒருவர் தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவராக இருந்தால்தான் ஆசிரமத்தில் திருமணம் என்ற இடத்துக்கு வந்தார்.

அம்பேத்கர் அதே உரையில் சொன்ன இன்னொன்று என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. சாதி என்பது வேலையைப் பிரித்துக்கொள்வது மட்டும் அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குவது. தொழில் மாறவே விடாததால், அது வேலையில்லாத் திண்டாட்டத்துக்கும் காரணமாகிறது என்றார். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைப் படிப்பது தனி அனுபவம். இங்கே 2016 முதல் 25 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி போட்டு, புதுத் தொழில் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். என்னோடு வேலை பார்த்தவர் 45 வயதில் சமையல் படிக்கப் போனார். அம்பேத்கர் 1936-ல் வாதாடிக் கேட்டதை நாம் ஓர் இணையத்தளத்தைத் திறந்து பதிவு செய்துவிட்டுப் போகிறோம்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். முதலில் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவளிடமும், அவள் தாத்தாவிடமும். "வீட்டுக் கதையைச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்மா, சாருக்கு அதைச் சொல்ல உரிமை இல்ல" என்றேன். பிள்ளைகளிடம் இதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பூசி மெழுகினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அவள் தாத்தா தேநீர் கொடுத்தார். அவள் மூன்றாவது வாரம் வந்தாள்.

பிறகு அந்தப் பாடத்தை முழுக்க மாற்றினேன். பிள்ளையின் குடும்பத்திலிருந்து தொடங்குவதை விட்டேன். இப்போது ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குகிறேன். டோபி காட் எம்ஆர்டி நிலையம் எல்லாருக்கும் தெரியும், மூன்று ரயில் பாதைகள் சேரும் இடம். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள் என்று சொன்னதும் கேள்விகள் வர ஆரம்பிக்கும். "அவங்க பிள்ளைங்களும் துவைச்சாங்களா?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பேன்.

அடுத்து சீட்டு விளையாட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தொழில். முதல் சுற்றில் எடுத்த சீட்டு உனக்கும் உன் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் நிரந்தரம், மாற்றக் கூடாது, வேறு சீட்டுக்காரரோடு சேர்ந்து சாப்பிடவும் கூடாது. இரண்டாவது சுற்றில் வேண்டியவர் மாற்றிக்கொள்ளலாம். முதல் சுற்று முடிந்ததும் "இந்த விதி சரியா?" என்று கேட்பேன். ஒரு முறை மருத்துவர் சீட்டு எடுத்த பையன், "சரிதான் சார், எல்லாரும் மாத்திக்கிட்டா யார் குப்பை அள்ளுறது?" என்றான். நல்ல பையன், கெட்ட எண்ணமே இல்லை. துப்புரவுச் சீட்டு வைத்திருந்தவன் உடனே, "அப்ப நாம மாத்திக்கலாம் வா" என்று நீட்டினான். மருத்துவர் சீட்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறந்தால் பாடம் கெட்டுவிடும்.

குறளை முழுதாகப் படிப்பதும் முக்கியம். 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்பதோடு நிறுத்திக் கைதட்டுவது நம் மேடைகளின் பழக்கம். 'சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்' என்று அது தொடர்கிறது. "அப்ப வேலையால உசத்தி தாழ்த்தி உண்டுன்னு வள்ளுவர் சொல்றாரா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பல உரைகளில் அப்படித்தான் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். செய்யும் வேலையால் வேறுபாடு வரலாம், ஆனால் அந்த வேலை பிறப்பால் வந்ததாக இருக்கக் கூடாது என்பதாக நான் படிக்கிறேன். நீ யோசித்து வேறு மாதிரிச் சொன்னால் கேட்பேன் என்றேன். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

உறுதிமொழி சொல்லும்போது ஒரு கேள்வி வரும். 'இனம், மொழி, மதம்' என்று மூன்று சொல்கிறோம், சாதி எங்கே? முன்பெல்லாம் "இங்கே அது இல்லை" என்று கடந்துவிடுவேன். இப்போது இரண்டு அரசமைப்புச் சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். இந்தியாவுடையது 15-ஆவது பிரிவில் சாதியைப் பெயர் சொல்லித் தடுக்கிறது, 17-இல் தீண்டாமையை ஒழிக்கிறது, 19-இல் எந்தத் தொழிலையும் செய்யும் உரிமை தருகிறது. சிங்கப்பூருடையது 12-ஆவது பிரிவில் மதம், இனம், மரபுவழி, பிறந்த இடம் என்கிறது. 'மரபுவழி' என்ற சொல்லை வட்டமிடச் சொல்வேன். நம் அடையாள அட்டையில் இனம் உண்டு, சாதி இல்லை. அது பெரிய நிம்மதி, அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அட்டையில் இல்லாதது கல்யாணப் பேச்சில் வந்துவிடுகிறது. "உங்களுக்கு எந்த ஊர்?" "மன்னார்குடிப் பக்கம்." "அங்க எந்தத் தெரு?" தெருவைக் கேட்பவருக்கு வேண்டியது முகவரி இல்லை என்பது தமிழர் எல்லாருக்கும் தெரியும். என் மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கும் பதில்: "ஈசூன், ஸ்திரீட் 81." மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்று. மறுபடியும் கேட்டால், "எதுக்குக் கேக்குறீங்க அங்கிள்?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளும் குரலில் கேள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

ஒரு தாய் என்னிடம் வருத்தப்பட்டார். "தெரியாமலே வளரட்டுமே சார், நீங்க ஏன் சொல்லித் தர்றீங்க?" அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன், என் அம்மா சொல்லியிருக்கக்கூடியதுதான். அவரிடம் 'கப்பல் கேப்டன்' தாளைப் பற்றிச் சொன்னேன், பெயர் சொல்லாமல். பத்து வயதில் ஒரு பிள்ளை எதையோ மறைக்கத் தெரிந்துகொண்டிருக்கிறாள் என்றால், பாடம் ஏற்கெனவே நடந்துவிட்டது. நாம் பேசாமல் இருந்தால் அந்தப் பாடம் மட்டும்தான் அவளிடம் இருக்கும். அவர் ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது. மகனை நிறுத்தவில்லை.

போன ஆண்டு அப்பாவை வகுப்புக்குக் கூப்பிட்டேன். வர மறுத்துவிட்டார். பதினான்கு வயதில் எனக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டபோதும் இப்படித்தான் மறுத்தார். எந்தச் சொந்தமும் இல்லாத ஓர் இளைஞருக்கு அதே வாரம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார், எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த முறை மறுத்துவிட்டு, அலமாரிக்கு மேலிருந்து ஒரு பழைய மரப்பலகையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். தாத்தாவின் விலைப்பலகை. முடிவெட்ட 50 காசு, சவரம் 30 காசு. "பசங்ககிட்ட இதைக் காட்டு" என்றார்.

சுவரில் மாட்டிவிட்டு, இது யாருடைய கடைப் பலகை என்று சொன்னேன். பிள்ளைகள் விலையைப் பார்த்துச் சிரித்தார்கள், 50 காசுக்கு இப்போது என்ன கிடைக்கும் என்று சண்டை போட்டார்கள். கப்பல் வரைந்த சிறுமி இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறாள், அன்று தம்பியைக் கூட்டிப் போக வந்திருந்தாள். கிட்டப்போய்ப் பலகையைப் பார்த்தவள், "சார், யாரு வந்தாலும் இதே விலையா?" என்று கேட்டாள்.

"யாரு வந்தாலும்" என்றேன்.